காய் கண்ட கொடி

நேற்றுவரை எங்கள் வீட்டில் நடந்த சண்டையை வரிசையாகச் சொன்னால்தான் இன்று நடந்தது புரியும். எனக்கு எதையும் நடுவிலிருந்து சொல்ல வராது.

எங்கள் ஊர் பெருமாட்டி, மலையாள எல்லைக்குள் இருக்கிற தமிழ் ஊர். வீட்டுக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவில் நீளவாக்கில் ஒரு துண்டு நிலம் இருக்கிறது. அதில் பச்சை வலை கட்டி, சீமைக்கொன்றைக் கால்கள் நட்டு, வெனிலாக் கொடி ஏற்றியிருக்கிறாள் ஜின்சி. என் அண்ணன் நவீன்குமாரின் மனைவி. மலைமேல் சாந்தன்பாறையில் ஏலக்காய் எஸ்டேட் குடும்பம், சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்கள். அண்ணன் அவளைக் கல்யாணம் செய்து கூட்டிவந்த அன்று அவள் கையிலிருந்த சீர், ஈரச்சாக்கில் சுற்றிய கொடித் துண்டுகள்தான்.

"பொட்டி வரும்னு பாத்தா, பாம்பச் சுருட்டிக் கொண்டாந்திருக்கறா," என்றாள் அம்மா.

அன்றிலிருந்து அம்மா அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'சாந்தன்பாறை' என்பாள். சாந்தன்பாறை எந்திரிச்சாச்சா, சாந்தன்பாறை தின்னாச்சா, இப்படி. மூன்று வருடமாகக் கொடியில் ஒரு பூ இல்லாததும் அம்மாவுக்கு வசதியாகப் போயிற்று.

அந்தத் துண்டு நிலத்தின் மேல் சித்தப்பா ஈஸ்வரமூர்த்திக்கு ஒரு கண். அவருடைய பின்தோப்புக்கு டிராக்டர் போக வழி வேண்டும். அப்பா இருந்தவரை வாய் திறக்கவில்லை. அப்பா போன பிறகு, போன ஐப்பசியில், எங்கள் முறைத்தண்ணீரை நிறுத்தினார். கிணறு இரண்டு வீட்டுக்கும் பொது. மோட்டாரும் கரண்டும் அவர் பேரில். "மோட்டாரு சரியில்லீங்" என்றார். அவர் தோப்புக்கு மட்டும் அது சரியாக ஓடியது.

மார்கழி, தை இரண்டு மாதமும் கிழக்குக் காற்று அடித்தது. எங்கள் தென்னைகள் மட்டை தொங்கிக் குரும்பை கொட்டின. அம்மா இறங்கிப் போனாள். வழி விடுகிறேன், தண்ணீர் விடுங்கள் என்றாள்.

ஒன்றே ஒன்று மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. எங்கள் வீடுகளில் காய் கண்ட மரத்தையோ கொடியையோ வெட்டுகிற வழக்கம் இல்லை. வேலியில் தானாக முளைத்த பீர்க்கனாக இருந்தாலும் காய் ஓய்ந்த பிறகுதான் கை வைப்பார்கள். "கொடியில காய் கண்டுட்டா அறுப்பு முடியற வரைக்கும் வெட்ட உடமாட்டனுங்க," என்றாள் அம்மா.

"பூவே காணாத கொடிக்குக் காயாங் நங்கை?" என்று சிரித்தார் சித்தப்பா. அண்ணன் மனைவியை நங்கை என்பது எங்கள் முறை. சித்தப்பா சண்டையிலும் முறை தவறமாட்டார்.

மாசியில் ஒரு நாள் குறித்தார்கள். ஜேசிபி வந்து வலையையும் கொடியையும் வாரிவிட்டு வழி போடும். பேசி முடித்த அடுத்த வாரமே கொடியின் கணுக்களில் மொட்டுக் கொத்துகள் தலைகாட்டின. ஜின்சி தினமும் போய்ப் பார்த்தாள். மொட்டு மொட்டாகவே இருந்தது. குறித்த நாள் நாளைக்கு.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடி போனால் தானும் போய்விடுவதாக ஜின்சி சொல்லியிருந்தாள். அண்ணன் கோயமுத்தூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான். வாரக் கடைசியில் வருவான். அவள் போன பக்கம்தான் அவனும் போவான். அப்புறம் சாயங்காலம் மாடு கறக்க நான்தான் மிச்சம். வண்டித்தாவளத்தில் நான் போகிற சாயங்கால மலையாள வகுப்பு நின்றுவிடும். தமிழ் மீடியத்தில் படித்தவளுக்கு அந்த மலையாளம் இல்லாமல் எந்தப் பரீட்சை வாசலும் திறக்காது. ஆகவே கொடி பூக்க வேண்டும் என்று நானும் நினைத்தேன். ஜின்சியைப் பிடித்துப்போனதால் அல்ல.

இன்று காலை வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். பின்பக்கமிருந்து சத்தம் வந்தது.

"பூத்துருச்சு! ஏ பிரியா, ஓடிவா, பூத்துருச்சு!"

ஓடினேன். ஜின்சி வலைக்கு வெளியே நின்று, கண்ணை வலைக் கண்ணில் ஒட்டவைத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். வலைக்கதவில் பூட்டு. சாவி நேற்றிலிருந்து அம்மா இடுப்பில். அம்மாவும் வந்தாள்.

"அத்தை, சாவியக் குடுங்க. உச்சிக்கு முன்ன தொட்டாத்தான் காய் பிடிக்கும். வெயில் ஏறுனா வாடிரும்."

"பூத்தது தானா காய்க்காதா?"

"இதக் காய்க்க வைக்கிற பூச்சி நம்ம நாட்டுலயே கெடையாது அத்தை. கையாலதான் சேத்து விடணும். குடுங்க."

அம்மா சாவியை எடுக்கவில்லை. "சாந்தன்பாறை, அங்கயே நில்லு. நீ தூரம். நேத்திருந்து சமையக்கட்டுக்குள்ளயே வரல. பூத்த கொடிகிட்டப் போனா கருகிரும்."

ஜின்சி மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். அவள் மெதுவாக ஆரம்பித்தால் எனக்குப் பயம்.

"எங்க எஸ்டேட்ல மாசத்துல அத்தன நாளும் பொம்பளைகதான் ஏலக்கா எடுக்காக. மஸ்டர் நோட்டுல அதுக்குன்னு யாருக்கும் லீவு போடல. மலையெல்லாம் கருகியா கெடக்கு?"

"அது எஸ்டேட்டு. இது ஊடு."

"சரி, ஊடு. நேத்துச் சாயங்காலம் இந்த ஊட்டு மாட்டக் கறந்தது யாரு? மாடு கருகிருச்சா? அந்தப் பால்லதான காலைல காப்பி குடிச்சீக?"

அம்மா என்னைப் பார்த்தாள். பதில் என்னிடம் இருப்பதுபோல. நான் தென்னை மரத்தைப் பார்த்தேன்.

"மாட்டுக்குக் காலிருக்குது," என்றாள் அம்மா கடைசியில். "புடிக்காட்டி ஒதைக்கும். கொடி என்ன பண்ணும், பாவம்?"

"அப்ப யாரு தொட?"

"பிரியா தொடட்டும்."

என்னை யாரும் கேட்கவில்லை. சாவி என் கைக்கு வந்தது. ஜின்சி தென்னை ஈர்க்கு ஒன்றை நகத்தால் சீவி வலைக் கண் வழியாக நீட்டினாள். நான் அந்தப் பூவை அதற்கு முன் படத்தில்கூடப் பார்த்ததில்லை. தப்பாகப் போனால் அது யார் தப்பு என்று இந்த வீட்டில் பல வருடம் பேசுவார்கள். வலைக்குள் கால் வைக்கும்போதே அதுதான் மனதில் ஓடியது.

உள்ளே நிழல். முன்வரிசையில் இரண்டு கொத்துகளில் இரண்டு பூக்கள் விரிந்திருந்தன. பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம். ஐஸ்கிரீம் வாசனையை எதிர்பார்த்துப் போய் முகர்ந்தேன். இலை வாசனைதான் வந்தது.

"மோந்து பாத்தது போதும்," என்றாள் ஜின்சி வலைக்கு வெளியிலிருந்து. "பூவ இடது கையில தாங்கு. கழுத்த நெரிக்காத. அடில நாக்கு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கா, அத ஈர்க்கால நெட்டுவாக்குல கீறு. உள்ள ஒரு குச்சி தெரியும். அதோட நுனில மேல மகரந்தம், கீழ பசை. நடுவுல ஒரு தோல் மூடிக்கிட்டு நிக்கும். அந்தத் தோல ஈர்க்கால தூக்கிப் புடிச்சுக்கிட்டு, மேல இருக்கறத பெருவெரலால கீழ அமுக்கு. அம்புட்டுதான்."

"மறுக்காச் சொல்லுங்க."

"இது என்ன உன் கிளாசா, போர்டுல எழுதிப் போட?"

நாக்கைக் கீறினேன். குச்சி தெரிந்தது. தோலைத் தூக்கப் போனேன். ஈர்க்கை ஆழமாகக் குத்திவிட்டேன். தோல் எழும்புவதற்குப் பதில் குச்சியே ஒடிந்து, ஈர்க்கின் நுனியில் தொங்கியது.

"என்னாச்சு?"

"ஒடிஞ்சிருச்சுங்க."

"பேனா புடிக்கிற கை, பதனமா இருக்கும்னு நெனச்சேன். அடுப்புல வெறகு முறிக்கிற கையால்ல இருக்கு!"

"என்ற புள்ளைய வைய்யாதே," என்றாள் அம்மா. "உள்ள அனுப்புனதே பெருசு."

"வையாம? மாலை போட்டு வரவேற்கவா? மூணு வருசம் காத்துக் கெடந்த பூவ மூணு நொடில முறிச்சுட்டா."

"நீ தூரமில்லாம இருந்திருக்கோணும்."

"அதையும் உங்ககிட்டக் கேட்டுத்தான் வரணுமா?"

இரண்டாவது பூவுக்குத் திரும்பினேன். வேலிப் பக்கம் டிராக்டர் வந்து நின்றது. சித்தப்பா இறங்கினார். ஓட்டிவந்த சிஜு சட்டையைக் கழற்றி எங்கள் வேலிக்கால் ஒன்றில் மாட்டிவிட்டு, சுண்ணாம்புச் சட்டியும் கயிறுமாக வந்தான்.

"என்னங் நங்கை, மூணு பொம்பளைங்க சேந்து ஒரு பூவுக்குப் பிரசவம் பாக்கறாப்பல இருக்குது?"

"வாங்க கொழுந்தனாரே," என்றாள் அம்மா. "நாளைக்குத்தானுங்களே பேச்சு?"

"நாளைக்குத்தானுங். இன்னைக்குக் கோடு போட்டு வெச்சுட்டா மிசின்காரனுக்குச் சௌரியமாப் போயிருமில்லீங்?"

சிஜு வேலியிலிருந்து சுண்ணாம்புக்கோடு போட்டுக்கொண்டே வந்தான். கோடு நேராக வந்து வலையில் முட்டியது. நான் நின்ற இடத்துக்கு நேர் எதிரில்.

சித்தப்பா குனிந்து உள்ளே பார்த்தார். "பூவாட்டத்தான் தெரியுது. ஆனா பூத்ததெல்லாம் காய்ச்சதாகுமுங்களா? எங்கூட்டு மாமரம் பூக்கற பூவுக்கு நானு ஊரு பூராவுக்கும் மாங்கா குடுத்திருக்கோணும்."

"காய் புடிச்சிருக்கா இல்லையான்னு நாளைக்குக் காலைல தெரிஞ்சுரும்," என்றாள் ஜின்சி. "புடிக்காத பூ உதிந்துரும். புடிச்சது வாடிப்போயும் காம்புல நிக்கும்."

"அப்பிடியா அம்மணி? நெம்பத்தான் தெரியுது."

"தெரியும் சித்தப்பா. உங்களுக்கு ஒரு நன்றியும் சொல்லணும்."

அம்மா அவளைப் பார்த்து முறைத்தாள். ஜின்சி பார்க்கவில்லை.

"எனக்கெதுக்கு நன்றி?"

"இந்தக் கொடியோட நுனியக் கிள்ளி விட்டு, ரெண்டு மாசம் தண்ணி காட்டாம காயப் போட்டாத்தான் பூ எடுக்கும். நுனிய நான் கிள்ளிட்டேன். தண்ணிய நிறுத்தணும்னு சொன்னா அத்தை என்னைய வெளக்குமாத்தால அடிப்பாகன்னு பயந்துட்டு இருந்தேன். நீங்களா வந்து மடைய அடச்சீக. எங்க ஊர்ல இதுக்குன்னு ஆளு போட்டுப் பாப்பாக. நீங்க சும்மா செஞ்சு குடுத்துட்டீக."

சிஜுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமுவதுபோலத் திரும்பிக்கொண்டான்.

சித்தப்பாவின் முகத்தில் முதலில் ஒன்றும் மாறவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, மறுபடி போட்டுக்கொண்டார். "ஓகோ. காயப் போட்டாப் பூக்குமா. அப்ப நனச்சா?"

ஒரு வாக்கியம் கூடுதலாகப் பேசிவிட்டது அப்போதுதான் ஜின்சிக்குத் தெரிந்தது.

"சிஜு, போயி மோட்டாரப் போடு. நங்கை தண்ணி தண்ணின்னு எத்தன நாளாக் கேட்டாங்க. இன்னைக்கே குடுத்தர்லாம்."

"அண்ணா, அது…"

"போடுன்னேன்."

சிஜு தோப்பைச் சுற்றிக்கொண்டு ஓடினான். மோட்டார் அறை கிணற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. சித்தப்பா எங்கள் வாய்க்காலில் அடைத்திருந்த மடையை, அவரே அடைத்ததை, காலால் உதைத்துத் திறந்தார். கொஞ்ச நேரத்தில் மோட்டார் சத்தம் கேட்டது. அப்புறம் தண்ணீர் வந்தது. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த வாய்க்காலில் சருகுகளைத் தள்ளிக்கொண்டு, நுரையோடு, வலையைப் பார்த்து வந்தது.

"அத்தை! உள்ள பாய விடாதீங்க!" ஜின்சி கத்தினாள். "வேரு மேலாகத்தான் ஓடியிருக்கு. தேங்குனா அழுகிரும். இப்படிக் காஞ்சு கெடந்துட்டு திடீர்னு நனஞ்சா பூவெல்லாம் கொட்டிரும்!"

அம்மா வீட்டுப் பக்கம் போனாள். திரும்பி வரும்போது தோளில் மண்வெட்டி. சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். நேராகச் சித்தப்பாவைப் பார்த்து நடந்தாள். அடிக்கப் போகிறாள் என்றே நினைத்தேன். சித்தப்பாவும் நினைத்திருக்க வேண்டும். இரண்டடி பின்னால் போனார்.

அம்மா அவரைத் தாண்டிப் போனாள். வலைக்கு முன்னால் வாய்க்கால் திரும்புகிற இடத்தில் கரையை வெட்டினாள். வெட்டிய மண்ணை வலைப் பக்கமாகப் போட்டு, மேலே இரண்டு தேங்காய் மட்டையை வைத்து மிதித்தாள். தண்ணீர் ஒரு கணம் சுழன்று நின்று, பிறகு தென்னைகளின் பக்கம் திரும்பியது. முதல் மரத்தின் வட்டப்பாத்தி நிறையாமலே குடித்துக்கொண்டிருந்தது. வெடித்துக் கிடந்த மண்ணிலிருந்து குமிழி கிளம்பும் சத்தம் எனக்குக் கேட்டது.

"என்னங் நங்கை பண்றீங்க?"

"குடுக்கற தண்ணிய வாங்கிக்கறனுங்க," என்றாள் அம்மா மண்வெட்டியை நிறுத்தாமல். "வேண்டாம்னு சொன்னா உங்களுக்கு மரியாதையா இருக்குமுங்களா?"

இரண்டாவது மரம். மூன்றாவது மரம்.

"சிஜு! நிறுத்துடா!" சித்தப்பா கத்தினார். மோட்டார் சத்தத்துக்குப் பக்கத்தில் இருப்பவனுக்கு எப்படிக் கேட்கும்? போனை எடுத்து அடித்தார். வேலிக்காலில் தொங்கிய சட்டைப் பையில் ஏதோ மலையாளப் பாட்டு ஒலித்தது.

"பாட்டு நல்லாருக்கு சித்தப்பா," என்றாள் ஜின்சி.

வேறு வழியில்லை. அவரே போக வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோப்பைச் சுற்றி நடந்தார். ஓடினால் மரியாதை போய்விடும் என்று நடந்தார். அந்த நடைக்குள் எங்கள் தென்னைகளில் பாதிக்கு மேல் நனைந்துவிட்டது.

"பிரியா! வேடிக்கை பாத்தது போதும். ரெண்டாவது பூ!"

மறந்தே போயிருந்தேன். பூவை உள்ளங்கையில் ஏந்தினேன். அம்மா மண்ணை வெட்டிக்கொண்டிருந்தாள். ஜின்சியின் கண்ணும் வாய்க்கால் மேல்தான் இருந்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. அதனாலோ என்னவோ இந்த முறை ஈர்க்கு ஆழமாக இறங்கவில்லை. நாக்கைக் கீறினேன். தோல் ஈர்க்கோடு எழுந்து வந்தது. பெருவிரலால் அமுக்கினேன். மஞ்சளாக ஒரு பொட்டு பசையில் ஒட்டியது போலிருந்தது.

"ஒட்டிச்சா?"

"ஒட்டுனாப்பலதான் இருக்குதுங்க."

"ஆப்பலயா? ஒட்டிச்சா, இல்லையா?"

"தெரியலைங்க."

"மூணு வருசமா இந்த வீட்ல யாரக் கேட்டாலும் இந்த ஒரே பதிலு," என்றாள் ஜின்சி. "வெளிய வா. இனிமே பூவே சொல்லட்டும்."

மோட்டார் நின்றது. சித்தப்பா திரும்பி வந்தபோது அவர் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. சிஜு பின்னால் தலையைக் குனிந்துகொண்டு வந்தான்.

"நங்கை, கேட்டுக்குங்க. இன்னைக்கு ஓடுனதுதான் கடசித் தண்ணி. இனிமே வழி குடுத்தாலுஞ் சரி, குடுக்காட்டியுஞ் சரி, உங்க தென்னைக்கு ஒரு சொட்டுக் கெடையாது. வழிக்கு நீங்க சரின்னு தலையாட்டுனதுக்கு ஊருல சாட்சி இருக்குது. நாளைக்கு வெடிய மிசின் வரும்."

"காய் கண்டா வெட்டறதில்லைன்னதுக்கும் அதே ஆளுகதானுங்க சாட்சி."

"பூவு காம்புல நின்னா நான் திரும்பிப் பாக்காமப் போயிர்றேன். கீழ கெடந்தா?"

அம்மா மண்வெட்டியை ஊன்றி நின்றாள். முழங்கை வரை சேறு. "கீழ கெடந்தா நானே புடுங்கி உங்க வண்டியில போடறனுங்க."

"அந்தம்மணி?"

"அவளும் போவா."

"யாரும் அனுப்ப வேண்டாம்," என்றாள் ஜின்சி. "எனக்கு வழி தெரியும். நீங்க போடப்போற வழி இல்ல, வேற வழி."

டிராக்டர் போன பிறகு அம்மா அவள் பக்கம் திரும்பினாள். நான் நினைத்ததைவிடக் குரல் தாழ்ந்திருந்தது. அதனால் இன்னும் சுட்டது.

"உன்ற வாயி சும்மா இருக்காதா? அவன்கிட்ட எதுக்குச் சொன்னே? வழியக் குடுத்துட்டுத் தண்ணியாவது வாங்கியிருப்பேன். இப்ப ரெண்டும் போச்சு."

"சொல்லலைன்னா இன்னைக்குத் தண்ணி வந்துருக்குமா?"

"உன்ற கொடியில காய்க்குதோ இல்லியோ, வாயில நல்லாக் காய்க்குது."

அம்மா என்னிடமிருந்து சாவியைப் பிடுங்கினாள். "உள்ள தண்ணி ஏறியிருக்குதான்னு பாக்கறேன். நீ போயித் தின்னு." வலைக்கதவு அவள் பின்னால் சாத்திக்கொண்டது. ஜின்சி திரும்பிப் பார்க்காமல் பின்பக்க அறைக்குப் போனாள். நான் சாப்பிட்டுக் கை கழுவ வந்தபோதுதான் அம்மா வெளியே வந்து பூட்டினாள். தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று பார்க்க அவ்வளவு நேரம் ஆகுமா என்று தோன்றியது. அம்மாவிடம் கேட்கவில்லை.

சாயங்காலம் வகுப்பில், இன்று வீட்டில் நடந்ததை மலையாளத்தில் சொல்லுங்கள் என்றார் டீச்சர். என் முறை வந்தபோது எழுந்து நின்றேன். வீட்டில் பூ பூத்தது என்று மட்டும் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். இந்த மொழியில் சண்டை போடவாவது சீக்கிரம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஊர் வந்து இறங்கும்போது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. ஜேசிபி அதற்குள் வந்துவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம், சுண்ணாம்புக்கோட்டின் முனையில், கையை மடித்துக்கொண்டு நின்றது. அதன் வாய் எங்கள் வலையைப் பார்த்திருந்தது. நாளைக் காலை என்று சொன்னவர் ஒரு ராத்திரிகூட எங்களை நிம்மதியாக விடுவதாக இல்லை.

ஜின்சி வலைக்கு வெளியே துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து அந்த மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாடு கறந்தாச்சுங்களா?"

"கறந்தாச்சு. ஒதைக்கல," என்றாள்.

சமையல்கட்டு ஜன்னலிலிருந்து சாவி வந்து என் காலடியில் விழுந்தது. "உள்ள போயி ஒருவாட்டி பாத்துட்டு வா," என்றது அம்மாவின் குரல். "ஒண்ணையுந் தொட்டுத் தொலச்சுராதே."

உள்ளே போனேன். நான் ஒடித்த பூ கீழே கிடந்தது. அதை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். யார் கண்ணிலும் பட வேண்டாம். இரண்டாவது பூ சுருங்கித் தலை தொங்கியிருந்தது. பிடித்திருந்தாலும் பிடிக்காவிட்டாலும் இன்றைக்கு இப்படித்தான் இருக்கும் என்று ஜின்சி சொல்லியிருந்தாள். ஆனாலும் வெகுநேரம் பார்த்தேன்.

திரும்பும்போது கால் ஒரு பக்கெட்டில் இடித்தது. கவிழ்த்து வைத்த பக்கெட். பின்வரிசைக் கொன்றைக் காலுக்கு அடியில் இருந்தது. காலையில் அங்கே அது இல்லை. அதன் மேல் காய்ந்த சேற்றில் இரண்டு பாதத் தடம்.

அண்ணாந்து பார்த்தேன். கொன்றைக் காலின் உச்சியில், இலைகளுக்குப் பின்னால், காலையில் நான் பார்க்காத மூன்றாவது பூ. அதுவும் வாடியிருந்தது. அதன் கீழ்நாக்கு நெட்டுவாக்கில் கீறப்பட்டிருந்தது. என்னைவிட நேராக. காம்பின் மேல் ஒரு பெருவிரல் அளவுக்குச் சேறு.

இன்று முழுக்க ஜின்சியின் கையில் சேறு படவில்லை.

வெளியே வந்து பூட்டினேன்.

"நிக்குதா?" என்றாள் ஜின்சி.

"ரெண்டும் நிக்குதுங்க."

"ரெண்டா? ரெண்டுல ஒண்ணத்தான் நீ காலைலயே முறிச்சுட்டியே."

"ரெண்டுங்க. பின்னால உச்சியில ஒண்ணு. யாரோ கீறித் தொட்டிருக்கறாங்க."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் சமையல்கட்டைப் பார்த்தாள். அம்மா அவளுடைய தட்டை வெளியே கொண்டுவந்து, வழக்கம்போல எட்டத்தில், திண்டின் மேல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"சாந்தன்பாறைக்குச் சோறு ஆறுது," என்றாள் என்னிடம். "கல்லு மேல ஒக்காந்து மிசினுக்குக் காவலிருந்தது போதும்னு சொல்லு."

தட்டை விட்டு எடுத்த கையின் பெருவிரல் நகத்தோரம் ஒரு கறுப்புக் கோடு இருந்தது. எத்தனை தேய்த்தாலும் சேறு அங்கே மட்டும் நிற்கும்.

"அம்மா, அந்தப் பின்னாலப் பூவு…"

"எந்தப் பூவு? அடுப்புல பாலு கெடக்குது, போயிப் பாரு."

அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கம் மிஷின் உறுமியது. காலைக்குச் சரியாக ஓடுகிறதா என்று மிஷின்காரன் பார்க்கிறான் போல. தரை அதிர்ந்தது, திண்டின் மேல் தட்டு கலகலத்தது. விளக்குகள் எரிந்து, வெளிச்சம் முழுக்க வலை மேல் விழுந்தது. கொடிகளும் கால்களும் கறுப்பு நிழலாக எழுந்து நின்றன. அந்த அதிர்வில், நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, உள்ளே சின்னதாக ஒன்று காம்பை விட்டுக் கழன்று கீழே விழுந்தது.

எது என்று இங்கிருந்து தெரியவில்லை.

ஜின்சி எழுந்துவிட்டாள். ஆனால் கதவுக்கு இரண்டடி முன்னால், காலையில் நிறுத்தப்பட்ட அதே இடத்தில், நின்றுகொண்டாள்.

அம்மா என் கையிலிருந்த சாவியைப் பறித்தாள். பூட்டைத் திறந்தாள். கதவைத் தள்ளிவிட்டுத் திரும்பி, மிஷின் சத்தத்துக்கு மேலே கத்தினாள்.

"ஜின்சி! நிக்கறதப் பாரு, மரமாட்ட! உள்ள வந்து எது உளுந்துச்சுன்னு பாருடி!"